மெல்ல உதைக்கும் தோட்டா

இந்த வருடம் கண்ணைத் திறந்துகொண்டு சுடுவது என்று வெண்டல் டெஷ் தீர்மானித்தார்.

ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் எடுக்கும் தீர்மானங்களில் இது ஒன்றும் பெரியதில்லை என்று தோன்றலாம். ஆனால் வெண்டல் இருபத்தொன்பது வருடமாக ஷாட்கன்னின் விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, உள்ளுக்குள் "கர்த்தரே" என்று சொல்லிக்கொண்டுதான் சுட்டு வந்தார். அவரையும் கர்த்தரையும் தவிர யாருக்கும் இது தெரியாது. விஸ்கான்சினில் இப்படி ஒரு ரகசியத்தோடு வாழ்வதைவிட வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு வாழ்வது எளிது. வங்கிக் கொள்ளைக்காரனுக்கு இங்கே சிறைதான். துப்பாக்கியின் உதைக்குப் பயந்தவனுக்கு ஊரே சிறை.

மானைக் கண்டு அவருக்குப் பயமில்லை. குளிர், காடு, கரடி எதற்கும் பயமில்லை. துப்பாக்கியின் முன்பக்கம் மானுக்கு ஆபத்து, பின்பக்கம் தனக்கு ஆபத்து. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. ஒவ்வொரு நவம்பரிலும் வலது தோளில் ஒரு கத்தரிக்காய் நிறம் ஏறும். கிறிஸ்துமஸ் வரை இறங்காது.

அப்படியானால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? முடியாது. ஓடைக்கரைப் பரண் இருக்கிறது.

அது மாமனார் கொடுத்த சீதனம். ஜாஸ்ட்ரோ குடும்பத்து வேட்டைக்காட்டில் மரங்களின்மேல் மொத்தம் ஏழு பரண்கள். அதில் ஓடைக்கரைப் பரண் ராஜா. மான்கள் தண்ணீர் குடிக்க அதற்குக் கீழேதான் வரிசையில் வரும். கல்யாணத்தன்று கிழவர் தன் மகள் மார்லிஸின் கையை வெண்டலின் கையில் வைத்துவிட்டு, "பரணும் உனக்குத்தான்" என்றார். மணமகனின் கண்ணில் நீர் வந்தது. மணமகளின் கண்ணிலும் வந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பரணில் உட்கார்ந்தவள் அவள் என்று வெண்டலுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பரணைத் தக்கவைக்க ஒரு சட்டம் உண்டு. சீசன் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு காகிதத் தட்டு. கேக் வைத்துச் சாப்பிடும் தட்டு அளவு. எழுபத்தைந்து அடி தூரம். ஐந்து குண்டில் மூன்று தட்டில் விழ வேண்டும். தவறினவர் காட்டுக் குடிலில் தங்கி, சீசனின் ஒன்பது நாளும் எல்லோருக்கும் சமைக்க வேண்டும். அவருடைய பரண், பரண் இல்லாதவர்களில் யார் நன்றாகச் சுட்டாரோ அவருக்குப் போய்விடும்.

கண்ணை மூடிக்கொண்டு வெண்டல் எப்படி இத்தனை வருடம் தேறினார்? துளைகளை எண்ணியது மாமனார். இரண்டு கண்ணிலும் புரை. மாப்பிள்ளையின் தட்டில் ஈ உட்கார்ந்திருந்தாலும் அதையும் ஒரு துளையாக எண்ணிவிடுவார். அந்த நல்ல மனிதர் போன வசந்தத்தில் காலமானார். அடக்கத்தில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் வெண்டல்தான். இனிமேல் எண்ணப்போவது மார்லிஸின் அண்ணன் ஹார்லன். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

நவம்பர் முதல் சனிக்கிழமை காலை, ஹார்லனோடு பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்த மார்லிஸ், அடுப்பில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டபடி செய்தி சொன்னாள்.

"வெண்டல், இந்த வருஷம் தட்டு சுடறது ஜல்லிக்குழியில இல்லையாம். கிளப்புல புதுசா உள்ளரங்கு கட்டியிருக்காங்களே, அங்கதானாம்."

"உள்ளேயா? சுவத்துக்குள்ளயா?"

"பின்ன, சுவத்துக்கு மேலயா?"

"சத்தம் வெளிய போக வழியே இல்லையே."

"அதுக்குத்தான் காதுமூடி. இன்னும் கேளு. வீட்டுல அடைச்ச தோட்டா கூடாதாம். கடையில வாங்கினது, அதே பெட்டியோட, ஒட்டுப் பிரிக்காம கொண்டு வரணும். சிதறுகுண்டு கூடாது. ஒத்தைக் குண்டுதான்."

வீட்டின் நிலவறையில் மருந்தும் ஈயமும் வைத்துக் குடும்பத்துக்கே தோட்டா அடைப்பவள் மார்லிஸ். வெண்டலுக்கு இது வரை அவள் அடைத்துக் கொடுத்ததுதான்.

"நீ அடைக்கிறதுல என்ன குறையாம்?"

"குறை இல்ல, விதி. வீட்டுல அடைச்சதுல யாரு எவ்வளவு மருந்து போட்டாங்கன்னு கிளப்புக்கு எப்படித் தெரியும்?"

"ஹார்லன் என்ன வாங்கியிருக்கான்?"

"மூணு அங்குல மேக்னம். சுட்டுப் பாத்தானாம். கட்டின பல்லு ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சாம். அப்படிச் சந்தோஷமாச் சொல்றான்."

வெண்டல் தன் கடைவாய்ப் பற்களை நாக்கால் எண்ணினார். எல்லாம் சொந்தப் பற்கள்.

"உனக்கும் அதையே வாங்கிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். நானே போய் வாங்கிக்கறேன்."

"நீயா? பால் வாங்கப் போய் பனி தள்ற மெஷினோட வந்த ஆளு நீ."

"தோட்டா நான்தானே சுடப்போறேன்? நான்தான் வாங்கணும்" என்றார் வெண்டல். குரலில் இருந்த கம்பீரம் அவருக்கே புதிதாக இருந்தது. மார்லிஸ் அவரை ஒரு நொடி பார்த்தாள். பான்கேக்கையும் அப்படித்தான் பார்ப்பாள், வெந்துவிட்டதா என்று.

ஊரில் துப்பாக்கிக்கடை வைத்திருப்பவர் ஜாஸ்ட்ரோக்களின் பெரியப்பா மகன். அங்கே மெல்ல உதைக்கிற தோட்டா கேட்பதும் மாதா கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டுவதும் ஒன்று. வெண்டல் நாற்பது மைல் தள்ளி அடுத்த மாவட்டத்துக்குப் போனார். குளிர்க்கண்ணாடியும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தவரைப் பார்த்து, கல்லாவில் இருந்த பெண் ஒரு கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள். அவசர மணி அங்கேதான் இருக்கும். வெண்டல் கண்ணாடியைக் கழற்றினார்.

சட்டையில் கெண்ட்ரா என்று பெயர் குத்தியிருந்தது. இருபத்து மூன்று வயது இருக்கும்.

"பன்னிரண்டு கேஜ்ல ஒத்தைக் குண்டு. கொஞ்சம்... மெதுவா உதைக்கிற மாதிரி" என்றார் வெண்டல், ஏதோ வியாதிக்கு மருந்து கேட்பவரைப் போல.

"இருக்கு சார். யாருக்கு? உங்களுக்கா?"

எத்தனையோ பதில்கள் இருந்தன. மகனுக்கு என்றிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றிருக்கலாம். பயந்த மனிதனுக்கு வாயில் முதலில் வருவது, வீட்டில் அவன் யாருக்குப் பயப்படுகிறானோ அவர் பெயர்தான்.

"என் மனைவிக்கு."

"ஓ, நல்லது! முன்னாடி சுட்டிருக்காங்களா?"

"சுட்டிருக்கா. ஆனா பயம். உதைக்கும்னு நெனச்சாலே கண்ண மூடிக்குவா."

"ஐயோ பாவம்."

"ராத்திரி தூக்கமே வராது அவளுக்கு" என்றார் வெண்டல் உருக்கமாக. முதல்முறையாக மனதைத் திறந்து பேச ஒரு ஆள் கிடைத்திருந்தது. "தோள் அப்படியே நீலமாயிடும். யார்கிட்டயும் சொல்ல மாட்டா. உள்ளுக்குள்ளயே வெச்சுக்குவா."

"சார், உங்கள மாதிரி புரிஞ்சு நடக்கிற புருஷன் எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்க" என்றாள் கெண்ட்ரா. அவள் கண் கலங்கியிருந்தது. "துப்பாக்கி எந்த வகை? தானா அடுத்த தோட்டாவ ஏத்திக்கிறதா, கையால இழுக்கிறதா?"

"கையால இழுக்கிறது."

"அப்ப கவலையில்ல. தானா ஏத்திக்கிறதுல சிலது இந்த மெதுத் தோட்டாவுக்கு அசையாது. பாதியில சிக்கிக்கும்." இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். "ரெண்டுலயும் ஒரே ஒரு அவுன்ஸ் ஈயம்தான். இது முழு வேகம், விநாடிக்கு ஆயிரத்து அறுநூறு அடி. இது ஆயிரத்து இருநூறு. உள்ளரங்குல எழுபத்தஞ்சு அடிக்கு இது தாராளம். தட்டுல விழற துளை ஒரே அளவுதான். தோளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

வெண்டலுக்கு அழுகை வரும்போலிருந்தது. இருபத்தொன்பது வருடமாக இது இங்கேயே, நாற்பது மைலில் இருந்திருக்கிறது! ஆனால் பெட்டியைத் திருப்பினார். மூடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கண் புரை வந்தவர்கூடப் படிக்கிற எழுத்தில், மஞ்சளில் அச்சடித்திருந்தார்கள்: குறைந்த உதைப்பு.

"இதே தோட்டா... எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கிற பெட்டியில கிடைக்குமா?"

"எதுக்கு சார்?"

"அவ ரொம்ப ரோஷக்காரி."

கிடைக்காது என்றாள். வெண்டல் இரண்டு பெட்டிகளையும் வாங்கினார். பெண்களுக்கு ஒவ்வொரு செவ்வாயும் இங்கே தனிப் பயிற்சி உண்டு என்று சொல்லி, மனைவியின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டாள் கெண்ட்ரா. அவசரத்தில் பொய் எண் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். வெண்டல் வீட்டு எண்ணையே ஒப்பித்துவிட்டு வெளியே ஓடினார்.

வண்டியில் உட்கார்ந்து வேலையை முடித்தார். இரண்டு பெட்டியும் ஒரே கம்பெனி. இரண்டிலும் சிவப்பு உறை, பித்தளை அடி. பொடி எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒட்டைச் சூடான காப்பிக் குவளையின் ஆவியில் காட்டிப் பிரித்து, மெதுத் தோட்டாக்களை முழு வேகப் பெட்டிக்கும், முழு வேகத் தோட்டாக்களை மெதுப் பெட்டிக்கும் மாற்றி, பசை வைத்து மூடினார். பசை பாதி தாடியில் ஒட்டியது. முழு வேகப் பெட்டி அலமாரியில் எல்லோரும் பார்க்கும்படி அமர்ந்தது. மெதுப் பெட்டி கார் கொட்டகையில், மீன் தூண்டில் பெட்டிக்குள் ஒளிந்தது. சோதனை முடிந்ததும் ஏரியில் போட்டுவிடலாம்.

அடுத்த வாரமெல்லாம் வெண்டல் பயந்துகொண்டே இருந்தார். தொலைபேசி அடித்தால் பயந்தார். அடிக்காவிட்டால், தான் இல்லாதபோது அடித்திருக்குமோ என்று பயந்தார். செவ்வாய்க்கிழமை மார்லிஸ், "வெளிய போய்ட்டு வரேன்" என்று மூன்று மணி நேரம் போனாள். தேவாலயக் காரியமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வீட்டில் அவருடைய பாதுகாப்பு முறை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மூவரும் மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹார்லன் தன் பிராந்தியை உறிஞ்சிக்கொண்டே வெண்டலின் முதுகில் ஒரு அடி வைத்தான்.

"என்ன மாப்ளே, முழு வேகம் வாங்கியிருக்கியாமே? நீ எங்கேயோ மெதுவா உதைக்கிறதா வாங்கப்போறேன்னு நெனச்சேன்."

"நானா?" என்று சிரித்தார் வெண்டல். மீன் முள் தொண்டையில் குறுக்கே நின்றது.

"அத எனக்குல்ல வாங்கியிருக்கார்" என்றாள் மார்லிஸ்.

வெண்டலுக்கு மூச்சும் நின்றது.

"கெண்ட்ரான்னு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. 'உங்க வீட்டுக்காரர் உங்க தோளப் பத்தி அவ்வளவு கவலைப்பட்டார்'னு சொல்லுது. நான் ராத்திரி தூங்கறதே இல்லையாம். கண்ண மூடிக்கிறேனாம். உள்ளுக்குள்ளயே வெச்சுக்கறேனாம்." மார்லிஸ் முட்டைக்கோஸ் சாலடை முள்கரண்டியில் எடுத்தாள். "எனக்கே தெரியாம எனக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு. நான்தான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன், வெண்டல். தூண்டில் பெட்டியில ஒளிச்சு வெச்சு, அப்புறம் குடுத்து ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தியா?"

"ஆ... ஆமா."

"அதனால நானும் இந்த வருஷம் சுடறேன். அண்ணா, பேரு எழுதிக்க. இவர் வாங்கிக் குடுத்த பெட்டியோடயே வரேன்."

"எழுதிட்டேன்" என்றான் ஹார்லன். "ஆனா உனக்குத்தான் பரண் இல்லையே?"

"யாராவது தவறினா கிடைக்கும்ல?" என்றாள் அவள், உப்பைக் கொஞ்சம் தள்ளு என்கிற தொனியில்.

வெண்டல் பயந்தார். தன் பரணைப் பற்றிய பயம் இல்லை அது. அந்தப் பெட்டியின் மேலே மெது. உள்ளே முழு வேகம், ஆயிரத்து அறுநூறு அடி. அவரில் பாதி எடைகூட இல்லாத மனுஷி, மெல்ல உதைக்கும் என்று நம்பித் தோளைத் தளர்வாக வைத்துக்கொண்டு விசையை அழுத்துவாள். அவள் தோட்டா அடைப்பதைத்தான் பார்த்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அவள் சுடுவதைப் பார்த்ததே இல்லை. காரை எலும்பு என்னவாகும்? சொல்லிவிடலாம். ஆனால் எதிரில் ஹார்லன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளினார். வீட்டில், காலையில் சொல்லலாம் என்று தள்ளினார். காலையில் மார்லிஸ் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸ் மாட்டினாள். அவளை இவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்தது இல்லை. சந்தோஷமாக இருக்கும் மார்லிஸிடம் உண்மை பேசிப் பழக்கம் இல்லாததால் அதையும் தள்ளினார்.

உள்ளரங்கு நீளமான கான்கிரீட் பெட்டி போல இருந்தது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஏழெட்டு ஜாஸ்ட்ரோக்கள் ஆரஞ்சுத் தொப்பியோடு நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் சுடுபவரைத் தவிர யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. ஹார்லன்தான் இன்று அதிகாரி. ஒவ்வொருவர் பெட்டியையும் பார்த்து, ஒட்டைக் கிழித்து, திருப்பிக் கொடுத்தான். வெண்டலின் பெட்டியைக் கிழிக்கும்போது, "பசை கொஞ்சம் அதிகமாப் போட்டிருக்கானுங்க" என்றான். வெண்டல் கூரையைப் பார்த்தார்.

முதலில் ஹார்லன் சுட்டான். நான்கு. கான்கிரீட் சுவர் சத்தத்தைப் பிடித்து எல்லோர் நெஞ்சிலும் எறிந்தது. வெண்டல் காதுக்குள் பஞ்சு உருண்டை வைத்து அதன்மேல் மில்லில் வேலை பார்த்த காலத்துப் பழைய காதுமூடியையும் மாட்டியிருந்தார்.

மற்றவர்களும் சுட்டு முடித்தார்கள். அடுத்தது மார்லிஸ். மஞ்சள் எழுத்துப் பெட்டியை மேடையில் வைத்தாள். ஐந்து தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துப்பாக்கி தோளுக்குப் போனது.

வெண்டலால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கோடுவரை ஓடினார்.

"மார்லிஸ்! சுடாதே! அது மெது இல்ல, முழு வேகம்! பெட்டிய மாத்திட்டேன்!"

யாரும் திரும்பவில்லை. எல்லோர் காதிலும் பெரிய பெரிய காதுமூடிகள். வெண்டல் இன்னும் உரக்கக் கத்தினார்.

"உனக்கு வாங்கல! எனக்குத்தான் வாங்கினேன்! பயந்தது நான்தான்! இருபத்தொம்பது வருஷமா கண்ண மூடிட்டுத்தான் சுடறேன்! போன வருஷம் மான் ஓடிப்போகல, நான் பிர்ச் மரத்தச் சுட்டேன்!"

ஒருவர் தலைகூட அசையவில்லை. ஹார்லன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டலுக்கு ஒரு விநோதமான நிம்மதி வந்தது. எச்சரித்தாகிவிட்டது. மனசாட்சி சுத்தம். யாருக்கும் கேட்கவும் இல்லை. இப்படி ஒரு பாவசங்கீர்த்தனம் இனி வாழ்நாளில் வாய்க்காது என்று தோன்றியது. மிச்சமிருந்ததையும் கொட்டினார்.

"ஹார்லன் வருஷா வருஷம் குடுக்கிற மான்கறி சாசேஜ நான் தின்னதே இல்ல! நாய்க்குப் போட்டேன்! நாய் அடுத்த வீட்டு நாய்க்குக் குடுத்துடுச்சு!"

மார்லிஸ் சுட்டாள்.

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் விழுந்திருக்கவில்லை. தோள் ஒரு அங்குலம் பின்னால் போய், திரும்ப வந்து, கை இழுத்து அடுத்ததை ஏற்றியது. அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தும் முடிந்து தட்டு கம்பியில் ஊர்ந்து வந்தது. ஐந்து துளைகள், ஒரு குவளை மூடிக்குள் அடங்கும்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் வெண்டல், காதுமூடியைக் கழற்றி.

"மெத்துன்னு இருந்துச்சு" என்றாள் மார்லிஸ். "போ, உன் முறை."

கடைசி ஆள் வெண்டல். விளக்கு எரிந்தது. கர்த்தரை அழைத்தார். விசையை அழுத்தினார். ஒரு தள்ளு. அவ்வளவுதான், நெரிசலில் யாரோ தோளில் இடித்துவிட்டுப் போவதுபோல. கண் தானாகவே திறந்தது. துப்பாக்கியின் நுனியில் நெருப்பு பூப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். அழகாக இருந்தது! இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தட்டு வந்தது. நான்கு துளை! ஈ எதுவும் இல்லை. சுத்தமான நான்கு.

"பாத்தியா, மார்லிஸ்? கண்ண மூடவே இல்ல!" என்றார், காதுமூடியைக் கழற்றிவிட்டு.

"பாத்தேன்" என்றாள் மார்லிஸ். "கேட்டேன்கூட."

"எத?"

ஜாஸ்ட்ரோக்கள் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு தத்தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டிய நான் திங்கள்கிழமையே திறந்து பாத்துட்டு, மறுபடி ஒட்டி வெச்சுட்டேன். தோட்டா அடைக்கிறவளுக்குத் தோட்டா மேல இருக்கிறதப் படிக்கத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை கெண்ட்ரா கடைக்குப் போய் அதே முழு வேகத் தோட்டா வாங்கிப் பழகிட்டும் வந்தேன். யார்கிட்டயும் மூச்சு விடல. உன் மானம் என் மானம் இல்லையா? நீயாத்தான் இங்க வந்து மைக் வெச்ச மாதிரி சொன்னே."

"ஆனா காதுமூடி..."

ஹார்லன் தன் காதுமூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் இருந்த சின்னத் திருகைக் காட்டினான். "பேட்டரி போட்டது, மாப்ளே. வெடிச்சத்தத்த மட்டும் அடக்கும். பேச்சு இன்னும் தெளிவாக் கேக்கும். எங்க எல்லாருதும் இதுதான். ஒண்ணும் கேக்காதது உன்னோடது மட்டும்தான்."

வெண்டல் தன் பழைய காதுமூடியைப் பார்த்தார்.

"கிளப்பு விதிப்படி தோட்டாவும் பெட்டியும் ஒத்துப்போகணும்" என்றாள் மார்லிஸ். "என்னோடதும் ஒத்துப்போகலன்னு வெச்சுக்கோ. ஆனா மாத்தினது நான் இல்லையே? அண்ணா, நீயே தீர்ப்பு சொல்லு."

ஹார்லன் தாளை எடுத்தான். ஓடைக்கரைப் பரணுக்கு நேரே இருந்த பெயரை அடித்துவிட்டு, தங்கையின் பெயரை எழுதினான். இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவள் அதை ஒரு தடவை படித்துப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் சமையல். வெண்டல் யோசித்துப் பார்த்தார். கதகதப்பான குடில். உதை இல்லை, சத்தம் இல்லை, கத்தரிக்காய் நிறத் தோள் இல்லை. பயம் மெல்ல மெல்ல இறங்கியது. நஷ்டம் என்று சொல்ல முடியுமா இதை? அவர் முகத்தில் ஒரு சின்னப் புன்னகைகூட வந்தது.

ஹார்லன் அவர் தோளில் கை போட்டு, காதோரம் குனிந்தான்.

"மொத நாள் என்னோட சாசேஜ்தான், மாப்ளே. அங்க நாய் கிடையாது."